மரப்பெட்டிக்குள் ஒரு ஆஸ்பத்திரி: மலாவியின் கிராம கிளினிக், நான் பார்த்தவரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் கிராமப்பக்கம் சின்னக் குழந்தையோடு குடிபோகும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், வீடு தேடுவதற்கு முன்னால் எச்.எஸ்.ஏ. வீடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள் என்றுதான் சொல்வேன். எச்.எஸ்.ஏ. என்றால் அரசு சம்பளம் வாங்கும் கிராமச் சுகாதார ஊழியர். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, சில வாரப் பயிற்சி எடுத்தவர். ஊர்ப் பிள்ளைகள் அவரை 'டோக்கோட்டாலா', அதாவது டாக்டர், என்றே கூப்பிடுகிறார்கள். பதினான்கு மாதம் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

நான் அங்கே இருந்தது 2022 டிசம்பரிலிருந்து 2024 பிப்ரவரி வரை. நாட்டின் தெற்கே, ஷிரே ஆற்றுச் சமவெளியில் ஒரு கிராமம். பழுதான அஃப்ரிடெவ் கைப்பம்புகளைச் சரிசெய்வது என் வேலை. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் எச்.எஸ்.ஏ. குடியிருந்தார், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். அவர் நடத்தும் 'கிராம கிளினிக்' என்ற சேவையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கிளினிக் என்றதும் கட்டடம், போர்டு, பெஞ்சு என்று நினைக்க வேண்டாம். ஒரு மாமரம், கீழே ஒரு கோரைப்பாய், பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று ஊர்ச் சுகாதாரக் குழுவில் இருந்த ஒரு பெரியவரிடம். இரண்டு பேரும் இருந்தால்தான் திறக்கும் என்பதால் மருந்து எங்கே போனது என்ற பேச்சுக்கே ஊரில் இடமில்லை. உள்ளே இருப்பதும் கொஞ்சம்தான்: மலேரியாவுக்கு எல்.ஏ. மாத்திரை, நிமோனியாவுக்கு அமாக்சிசிலின், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மலேரியா பார்க்கும் பரிசோதனை அட்டை, குழந்தையின் மேல்கையை அளக்கும் மூன்று நிறப் பட்டை, மூச்சு எண்ணுவதற்கு ஒரு டைமர். 2 மாதத்திலிருந்து 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு மட்டும். காசு கிடையாது.

இது போதுமா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அந்த ஊர்களில் பிறந்து முதல் மாதத்தைத் தாண்டிய குழந்தைகள் 5 வயதுக்குள் சாவதில் பெரும் பங்கு இந்த மூன்று நோயால்தான், மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு. மூன்றுக்குமே விலை குறைந்த மருந்து இருக்கிறது, மூன்றுமே குழந்தைக்கு ஓரிரு நாளில் முற்றிவிடக்கூடியவை. அதனால் மருந்து எவ்வளவு உசத்தி என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது என்பதுதான் அங்கே உயிரைத் தீர்மானிக்கிறது. 2018 கணக்கெடுப்பின்படி நாட்டில் 1.75 கோடிப் பேர், அதில் 84 சதவீதம் கிராமத்தில். அரசு சுகாதார நிலையத்தில் வைத்தியம் இலவசம்தான், அங்கே போய்ச் சேருவது இலவசம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து 14 கிலோமீட்டர். கபாசா என்ற சைக்கிள் டாக்சிக்குக் காசு வேண்டும், இல்லையென்றால் குழந்தையை முதுகில் சிட்டெஞ்சே துணியால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், மக்காச்சோளக் காட்டில் ஒரு நாள் வேலை போகும், மழைக்காலமானால் நடுவில் ஒரு ஓடை மறிக்கும். இத்தனையையும் கணக்குப் போட்டுத்தான் ஒரு அம்மா 'நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறாள். சுகாதார நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர்களைக் குறிவைத்து மலாவி அரசு 2008-இல் இந்தக் கிராம கிளினிக்குகளைத் தொடங்கியது அந்த 'நாளைக்கு' என்ற சொல்லை ஒழிக்கத்தான் என்று நான் புரிந்துகொண்டேன்.

சரி, சேவை எப்படி இருந்தது? முதல்முறை பார்த்ததை அப்படியே சொல்கிறேன். என் வீட்டுக்கு எதிரே ஒரு பாட்டி, அங்கே அகோகோ என்பார்கள். மகள் வேலைக்காக டவுனுக்குப் போய்விட, இரண்டு வயதுப் பேரனை அவர்தான் வளர்த்தார். ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் காய்ச்சல் என்று பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினார், நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எச்.எஸ்.ஏ. அப்போதுதான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தை வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாயை விரித்தார். உடனே மருந்தை எடுக்கவில்லை. குடிக்கிறானா, குடித்ததெல்லாம் வாந்தியாகிறதா, வலிப்பு வந்ததா, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறானா என்று வரிசையாகக் கேட்டார். இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் தான் வைத்துக்கொள்ளக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி.

அப்புறம் சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணினார். இந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சுகாதார ஊழியர் நல்லவரா இல்லையா என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. பையன் அழுதான். அழும்போது எண்ணினால் கணக்கு தப்பாகும். அவர் டைமரை நிறுத்திவிட்டு, பாட்டி மடியில் அவன் அடங்கும் வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தார், அடங்கியதும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார். முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்? அவர் முழு நிமிடமும் எண்ணினார், 46 வந்தது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 40-உம் அதற்கு மேலும் போனால் வேகமான மூச்சு, நிமோனியா என்று எடுத்துக்கொண்டு மருந்து தர வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் அந்த எல்லை 50. ஸ்டெதாஸ்கோப் இல்லை, எக்ஸ்ரே இல்லை, ஒரு டைமரும் பொறுமையும்தான்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில் வைத்தார். கால் மணி நேரத்தில் இரண்டு கோடு, மலேரியாவும் இருந்தது. முதல் வேளை மாத்திரையைப் பாட்டி கையில் கொடுத்து அனுப்பவில்லை, அங்கேயே பொடித்துக் கரைத்துப் பாட்டியை விட்டே ஊட்டச் சொன்னார். வாந்தி எடுக்கிறானா என்று அரை மணி நேரம் உட்கார வைத்தார், எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டுமாம். எல்.ஏ. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள். அமாக்சிசிலின் ஐந்து நாள். இதைச் சொல்லி முடித்துவிட்டு, "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், அகோகோ" என்றார். பாட்டி இரண்டு மருந்தையும் மாற்றிச் சொன்னார். கோபமே இல்லாமல் மறுபடி விளக்கினார், பாட்டி மறுபடி சொன்னார், மூன்றாவது தடவை சரியாக வந்தது. பிறகுதான் பதிவேட்டிலும் பையனின் ஹெல்த் பாஸ்போர்ட்டிலும் எழுதினார். அது ஒரு சின்ன நோட்டு, அங்கே ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும், வைத்திய வரலாறு முழுக்க அதில்தான். மூன்றாம் நாள் தானே சைக்கிளில் வந்து பையனைப் பார்த்துவிட்டும் போனார்.

இந்தத் 'திருப்பிச் சொல்லுங்கள்' என்ற பழக்கத்துக்கு மட்டுமே நான் முழு மதிப்பெண் தருவேன்.

வயிற்றுப்போக்குக்கும் இதே நிதானம்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், வீட்டில் லிட்டர் அளவு எங்கே இருக்கும்? எண்ணெய் வாங்கிய காலி லிட்டர் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதில் கலந்து காட்டுவார். துத்தநாக மாத்திரைதான் சிரமம். 10 நாள் கொடுக்க வேண்டும், ஆனால் மூன்றாம் நாளே வயிறு சரியாகிவிட்டால் எந்த அம்மாவும் நிறுத்திவிடுவார். மீதி மாத்திரை அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகும். அதனால் சில வீடுகளுக்குப் போய் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்ப்பார். பட்டை அளவில் சிவப்பு வந்தால், அதாவது மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்கும் கீழே போனால், சுகாதார நிலையத்துக்கு அனுப்பி 'சிப்போன்டே' என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலைச் சத்துப் பசைக்குச் சீட்டு எழுதுவார்.

குறைகளுக்கு வருகிறேன். குறை சின்னது இல்லை.

பெட்டி காலியாகும். நான் இருந்த காலத்தில் எல்.ஏ. நாலு தடவை தீர்ந்தது, அதில் ஒன்று ஜனவரியில், சரியாக மழைக்காலம், கொசு பெருகி மலேரியா உச்சத்தில் இருக்கும் மாதம். அதே மாதத்தில்தான் போன வருட மக்காச்சோளம் தீர்ந்து புது விளைச்சல் வராமல் வீடுகளில் பசியும் இருக்கும். தகவல் போகாமல் மருந்து வரவில்லை என்று சொல்ல முடியாது. சி-ஸ்டாக் என்று ஒரு ஏற்பாடு 2011-இலிருந்து அங்கே இருக்கிறது, எச்.எஸ்.ஏ. தன் கையிருப்பைச் சாதாரண போனிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மேலே கணக்கு போய்விடும், எவ்வளவு தர வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு, மருந்து தயாரானதும் வந்து எடுத்துக்கொள் என்று பதிலும் வரும். அருமையான யோசனை. எங்கள் எச்.எஸ்.ஏ. தவறாமல் அனுப்பினார், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்திலேயே அலமாரி காலியாக இருந்தால் எஸ்.எம்.எஸ். என்ன செய்யும்? மூன்று வாரம் அந்த மாமரத்தடியில் பரிசோதனை அட்டை இருந்தது, மாத்திரை இல்லை. உங்கள் குழந்தைக்கு மலேரியா என்று சொல்லிவிட்டு, மருந்து இல்லை என்றும் சொல்ல வேண்டிய நிலை. அந்த வாரங்களில் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. என் பம்பு வேலைக்கு உதவிய ஒருவர், மகளுக்குக் காய்ச்சல் கண்டதும் இரண்டு கோழியை விற்று, கபாசா பிடித்து 14 கிலோமீட்டர் போனார். போய்ச் சேருவதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள். நான்கு நாள் வார்டில், அம்மா வெளியே அடுப்பு மூட்டி நிசிமா என்ற மக்காச்சோளக் களியைக் கிண்டிக்கொண்டு. ஊரிலேயே ஆறு மாத்திரை இருந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது, இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

இன்னொரு குறை, வயது. ஐந்து முடிந்தால் பெட்டி உங்களுக்கு இல்லை. அதே அகோகோவுக்கு மே மாதம் காய்ச்சல் வந்தபோது எச்.எஸ்.ஏ. மாத்திரை தர மறுத்துவிட்டார், எனக்கு அன்று நல்ல கோபம், பேரனுக்குக் கொடுத்ததைப் பாட்டிக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டேவிட்டேன். "பாம்போ (ஐயா), பெரியவர்களுக்கு ஆரம்பித்தால் பெட்டி இரண்டு நாளில் காலி. மூன்றாம் நாள் வரும் குழந்தைக்கு என்ன சொல்வேன்?" என்றார். பதில் இல்லை என்னிடம். ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், அதனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ருவாண்டாவில் கிராமச் சுகாதார ஊழியர்கள் பெரியவர்களுக்கும் மலேரியா பார்த்து மருந்து தருகிறார்கள், மாத்திரை போதுமான அளவு வந்தால் இங்கேயும் முடியும். பாட்டியை மறுநாள் என் பம்பு வேலை வண்டியில் கூட்டிப்போனேன், எல்லா அகோகோவுக்கும் எதிர் வீட்டில் வண்டி இருக்காது.

ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது ஏட்டில் இருக்கும் கணக்கு, அவருக்கு மூன்று கிராமம். கிளினிக் என்பது அவர் வேலையில் ஒரு பகுதிதான். தடுப்பூசி, குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, கருத்தடை ஊசி, கழிப்பறை இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்ப்பது, கிணற்றுத் தண்ணீருக்குக் குளோரின், எல்லாம் அவர் தலையில். 2022 பிப்ரவரியில் தலைநகர் லிலோங்வேயில் ஒரு குழந்தைக்கு போலியோ உறுதியானதும் சுற்றுச் சுற்றாகச் சொட்டு மருந்து போட்டதை அவர் இன்னும் களைப்போடு சொல்வார். மலேரியாத் தடுப்பூசியை உலகிலேயே முதலில், 2019 ஏப்ரலில், குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய நாடு மலாவிதான். நான்கு தவணை. நான்காவது தவணை வருவது குழந்தைக்கு இரண்டு வயது நெருங்கும்போது, அதற்குள் பல அம்மாக்கள் மறந்துவிடுவார்கள், இவர் நோட்டைப் பார்த்துத் தேடிப் போவார். இந்த மாதிரி முகாம் நாட்களில் பெட்டி பூட்டியே கிடக்கும். முகாம் முடியட்டும் என்று காய்ச்சல் காத்திருக்காது. ஒரு ஊருக்கு இரண்டு பேர் இருந்தாலே இது பாதி சரியாகிவிடும்.

பக்கத்துப் பகுதி எச்.எஸ்.ஏ.வுக்குத் தன் ஊரில் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை, கடைத்தெருப் பக்கம் தங்கியிருந்தார், வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கூரை ஒழுகும் குடிசையில் கைக்குழந்தையோடு எப்படி இருப்பார்? ஆனால் அந்த ஊர் அம்மாக்கள் எங்கள் மாமரத்துக்கு நடந்து வந்தார்கள், எங்கள் பெட்டி இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. இதே திட்டம், இதே பயிற்சி, இதே மாத்திரை, ஊழியர் ஊரில் தூங்குகிறாரா இல்லையா என்பதில் மட்டும் சேவை இரண்டு விதமாக ஆகிவிடுகிறது.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தது. ஆறு மாத மழை ஆறு நாளில் கொட்டியது என்று சொன்னார்கள், எங்கள் சமவெளியில் ஆறு எது, வயல் எது என்று தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடத்திலிருந்தே நாட்டில் காலரா, மொத்தத்தில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள், மலாவி கண்டதிலேயே மோசமானது. சாலை அறுந்து ஒன்பது நாள் நாங்கள் எங்கும் போக முடியவில்லை. முதல் இரவே அவர் பெட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். தன் வீட்டுப் பாத்திரங்களை விட்டுவிட்டுத்தான் போனார். ஒரு வகுப்பறையில் முந்நூறு பேருக்கு நடுவே ஓ.ஆர்.எஸ். கலக்க ஒரு மூலை, குளோரின் வாளி ஒரு மூலை. பள்ளிப் பம்பின் வாஷரை நான் மாற்றிக்கொண்டிருந்தேன், அவர் கைகழுவும் வரிசையை நிறுத்திக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து படகு வந்தது எட்டாம் நாள். அதுவரை அந்த மேட்டில் இருந்த ஒரே ஆஸ்பத்திரி அந்தப் பெட்டிதான், அங்கே ஒரு குழந்தையும் சாகவில்லை.

போன் வழியாகக் கேட்கும் சேவையும் உண்டு, 'சிப்பத்தாலா சா பா ஃபோனி' என்பார்கள், போனில் ஆஸ்பத்திரி என்று அர்த்தம், 2011-இல் பலாக்கா மாவட்டத்தில் தொடங்கியது. நல்ல சேவைதான், ஆனால் எங்கள் ஊரில் பெண்கள் பலரிடம் சொந்த போன் இல்லை, இருந்தவர்கள் சார்ஜ் போடக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். மாமரம்தான் வேகம்.

உதவ நினைப்பவர்களுக்கு ஒன்று. மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு போய் நீங்களே கொடுக்காதீர்கள், அளவும் தெரியாமல் பதிவும் இல்லாமல் அது அவர் வேலையைக் கெடுக்கும். சைக்கிள் டியூப், டயர், மழைக்கோட்டு, சோலார் விளக்கு, பூட்டு, பதிவேட்டு நோட்டு, இவைதான் எப்போதும் தட்டுப்பாடு. எச்.எஸ்.ஏ. குடியிருக்க ஓட்டுவீடு ஒன்று கட்டிக்கொடுக்க முடிந்தால் அதைவிடப் பெரிய வைத்தியம் அந்த ஊருக்கு நான் அறிந்து இல்லை.

அந்த மாத்திரைகளில் பெரும் பங்கு வெளிநாட்டு உதவிப் பணத்தில் வருவது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திவைத்த செய்தி வந்த அன்று இரவே அவருக்குச் செய்தி அனுப்பினேன். அதிலிருந்து மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன், பெட்டியில் என்ன இருக்கிறது என்று. கடைசியாக வந்த பதில்: "எல்.ஏ. 30, அமாக்சிசிலின் இருக்கிறது, ஓ.ஆர்.எஸ். இருக்கிறது, துத்தநாகம் இல்லை. சைக்கிள் பின்சக்கரம் போய்விட்டது, நடந்துதான் போகிறேன்."